டெவலப்பர் கெட்டுவிட்டதா? நெகடிவைப் பார்த்துக் காரணம் அறியும் வழிமுறை

பிலிமைக் கழுவி முடித்து, டேங்கைத் திறந்து, சுருளிலிருந்து உருவி வெளிச்சத்தில் பிடிக்கும்போது எதிர்பார்த்தது அதில் இல்லையென்றால், முதல் பழி பெரும்பாலும், பிலிமில் படத்தை எழுப்பும் கரைசலான டெவலப்பர் மேல்தான் விழுகிறது. அந்தப் பழி சில நேரம் சரி. பல நேரம் தவறு. பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, பழுப்பாக இருந்தால் கெட்டது, தெளிவாக இருந்தால் நல்லது என்று முடிவு கட்டும் பழக்கம் இதைவிடத் தவறானது. கருப்பாகிப்போன ஒரு டெவலப்பர் பத்து ஆண்டுகள் கழித்தும் ஒழுங்காக வேலை செய்யக்கூடும். தண்ணீர்போல் தெளிவாக இருக்கும் இன்னொன்று ஒரு துளி வெள்ளியைக்கூடக் கறுப்பாக்காமல் இருக்கக்கூடும். ஆகவே கீழே உள்ள வழிமுறை பாட்டிலில் தொடங்காமல், பிலிமில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஓர எழுத்துகளைப் பாருங்கள்

35 மி.மீ. பிலிமின் ஓரங்களில், துளைகளை ஒட்டி, பிலிமின் பெயரும் பட எண்களும் தெரியும். அவை மையால் அச்சிட்டவை அல்ல. தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டு, டெவலப்பர் தொட்டால் மட்டுமே கறுத்து எழும்புபவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதால், கேமராவின் குற்றத்தையும் கரைசலின் குற்றத்தையும் பிரித்துக் காட்ட இவற்றைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

எழுத்துகள் நன்றாகக் கறுத்திருந்து படங்கள் மட்டும் இல்லையென்றால் டெவலப்பரை விட்டுவிடுங்கள். பிலிம் கேமராவுக்குள் நகரவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்துகள் நன்றாக இருந்து படங்கள் வெளிறியிருந்தால் வெளிச்சம் போதாமல் எடுத்திருக்கிறீர்கள். எழுத்துகளும் படங்களும் சேர்ந்து வெளிறியிருந்தாலோ, இரண்டுமே இல்லாமல் போயிருந்தாலோ, அப்போதுதான் இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகள் உங்களுக்குத் தேவைப்படும்.

பிலிம் முழுவதும் கண்ணாடிபோல் வெறுமையாக இருக்கிறது. ஓர எழுத்தும் இல்லை

இதற்குக் காரணங்கள் மூன்று: டெவலப்பர் முழுவதும் செத்துவிட்டது, டெவலப்பருக்கு முன்னால் ஃபிக்சரை, அதாவது கறுக்காத வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கும் கரைசலை, ஊற்றிவிட்டீர்கள், அல்லது டெவலப்பருக்குள் அமிலம் கலந்துவிட்டது. இரண்டாவது நடக்காது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே மாதிரி இரண்டு குவளைகளை வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்குப் பிலிம் கழுவுகிறவர்களுக்கு அது வாழ்நாளில் ஒரு முறையேனும் நடக்கும். மூன்றாவது, டி-76 போன்ற மென்கார டெவலப்பர்களில் எளிதில் நேரும். வெண்காரம் எனப்படும் போராக்ஸ் கொடுக்கும் சிறிய காரத்தன்மையை, சரியாகக் கழுவாத குவளையில் தங்கிய ஸ்டாப் பாத், அதாவது டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசல், தின்றுவிடும்.

மூன்றில் எது என்று அறிய, பாட்டிலில் மீதமுள்ள டெவலப்பரில் பிலிமின் முனைத்துண்டை, அதாவது கேசட்டுக்கு வெளியே நாக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும் லீடரை, போட்டுப் பாருங்கள். வெளிச்சத்திலேயே செய்யலாம். லீடர் கறுத்தால் டெவலப்பர் உயிரோடுதான் இருக்கிறது. தவறு குவளைகளின் வரிசையிலோ, அவற்றில் தங்கிய அமிலத்திலோ இருக்கிறது. பத்து நிமிடம் ஆகியும் கறுக்காவிட்டால் அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். வெறுமையாக வந்த பிலிமை மீட்க வழியே இல்லை. வெள்ளி உப்பு முழுவதும் ஃபிக்சரில் கரைந்து போய்விட்டது.

அஸ்கார்பிக் அமில வகை டெவலப்பர்கள்தான் இந்த அறிகுறிக்குப் பேர்போனவை. 1996-ஆம் ஆண்டு வந்த எக்ஸ்டால் இவ்வகையில் மிகவும் பரவலானது. நுண்மையான மணிகளும் நல்ல வேகமும் தருகிற அருமையான டெவலப்பர் அது; ஆனால் அஸ்கார்பேட் ஆக்சிஜனேற்றம் அடையும்போது, மற்ற பல டெவலப்பர்களில் உள்ள ஹைட்ரோகுயினோனைப்போல் பழுப்புச் சாயம் உண்டாவதில்லை. அதனால் கரைசல் கடைசி நாள்வரை தெளிவாகவே இருந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நின்றுவிடும். தண்ணீரில் உள்ள இரும்பும் செம்பும் மிகக் குறைந்த அளவிலேயே இந்தச் சிதைவை விரைவுபடுத்துகின்றன என்பதால், துருப்பிடித்த குழாய் வழியாக வரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் இதைக் கரைப்பது வீண் துணிச்சல். இவ்வகை டெவலப்பரில் அரை பாட்டிலைக் கோடை முழுவதும் அலமாரியில் வைத்துவிட்டு, அதன் தெளிவை நம்பி ஒரு திருமணத்தின் பிலிமைக் கழுவியது என்னுடைய தவறு. அதன் பிறகு லீடரைச் சோதிக்காமல் நான் எதையும் டேங்கில் ஊற்றுவதில்லை.

லீடர் சோதனையைச் சரியாகச் செய்வது எப்படி

பலரும் செய்வது இதுதான்: லீடரில் ஒரு துண்டை டெவலப்பரில் போட்டு, கறுத்துவிட்டது என்று மகிழ்ந்து, டேங்கை நிரப்பிவிடுவார்கள். இந்தச் சோதனை, செத்த டெவலப்பரை மட்டும் காட்டிக்கொடுக்கும். பாதி உயிரோடு இருப்பதைக் காட்டாது. லீடர் பகல் வெளிச்சத்தை அளவின்றிக் குடித்த பிலிம். பலவீனமான டெவலப்பர்கூட நேரம் கொடுத்தால் அதைக் கறுப்பாக்கிவிடும். வித்தியாசம் முதல் ஓரிரு நிமிடங்களில்தான் இருக்கிறது.

ஆகவே துண்டைப் படிக்கட்டாகக் கழுவ வேண்டும். ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ள லீடரை எடுத்து, நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் நீர்ப்பும் வெப்பநிலையும் உள்ள டெவலப்பரில் முதலில் ஒரு சென்டிமீட்டரை மட்டும் நனையுங்கள். ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் இன்னொரு சென்டிமீட்டர் உள்ளே இறக்குங்கள். ஐந்தாவது படியும் அரை நிமிடம் நனைந்ததும், அதாவது மொத்தம் இரண்டரை நிமிடத்தில், எடுத்துத் தண்ணீரில் அலசி, ஐந்து நிமிடம் ஃபிக்சரில் வைத்துக் காயவிடுங்கள். மங்கலில் தொடங்கிக் கருமையில் முடியும் ஐந்து படிகள் கிடைக்கும். புதிதாகக் கரைத்த அன்றே இப்படி ஒரு துண்டைச் செய்து, தேதியும் பிலிமின் பெயரும் எழுதி ஓர் உறையில் போட்டு வைத்தால், பிற்பாடு செய்யும் துண்டை அதன் அருகில் வைத்து ஒப்பிடலாம். அரை நிமிடப் படியும் ஒரு நிமிடப் படியும் பழைய துண்டில் இருப்பதைவிட வெளிறியிருந்தால், கடைசிப் படி எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், டெவலப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். ஒப்பிட ஒரே வகைப் பிலிமின் லீடர்களையே பயன்படுத்துங்கள். வெவ்வேறு பிலிம்கள் வெவ்வேறு வேகத்தில் கறுக்கும்.

படங்கள் வெளிறியிருக்கின்றன, ஓர எழுத்தும் மங்கல்

இதுதான் தளர்ந்த டெவலப்பரின் உண்மையான முகம். நிழற்பகுதிகளில் விவரம் ஓரளவு இருக்கும். ஆனால் வானமும் வெள்ளை வேட்டியும் நெகடிவில் கறுப்பாக வேண்டிய இடத்தில் சாம்பலாகவே நின்றுவிடும். எனினும் டெவலப்பரின் வயதைக் குறை சொல்லுமுன் அதன் அளவைக் கணக்கிடுங்கள், ஏனெனில் புதிய டெவலப்பரிலும் இதே அறிகுறி வரும்.

ஒரு 35 மி.மீ. பிலிமுக்குப் பேட்டர்சன் டேங்கில் 290 மி.லி. கரைசல் போதும். பிலிம் நனைவதற்கு அது போதும் என்பது உண்மை. வேலை செய்ய அதில் போதிய மருந்து இருக்கிறதா என்பது வேறு கேள்வி. எக்ஸ்டாலில் ஒரு 36 பட பிலிமுக்குக் குறைந்தது 100 மி.லி. ஸ்டாக் கரைசல், அதாவது நீர்க்காத மூலக் கரைசல், வேண்டும் என்று கோடாக் சொல்கிறது; 1+3 என்று, அதாவது ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, நீர்த்தால் 290 மி.லி.க்குள் 73 மி.லி.தான் இருக்கும். ரோடினால் என்ற டெவலப்பரை 1+100 என்று கலந்தால் 3 மி.லி. அடர்கரைசல்கூட இராது. டி-76-ஐ 1+1 ஆக நீர்த்து, 473 மி.லி.க்குப் பதிலாக 237 மி.லி. டேங்கில் ஒரு பிலிமைக் கழுவினால் நேரத்தை 10 விழுக்காடு கூட்டும்படி கோடாக்கின் குறிப்பே கூறுகிறது. இந்தக் கணக்கில் குறைவு தெரிந்தால் பெரிய டேங்கில் அதிகக் கரைசலோடு கழுவுங்கள்; பாட்டிலைக் கொட்ட வேண்டியதில்லை.

அடுத்தது, ஒரே ஸ்டாக் கரைசலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. ஐடி-11 என்ற டெவலப்பரின் ஒரு லிட்டர் ஸ்டாக்கில் பத்து பிலிம்வரை கழுவலாம், முதல் பிலிமுக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரத்தை 10 விழுக்காடு கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது இல்ஃபோர்டின் வழக்கம். கணக்கு வைக்காதவர்கள் ஏழாவது பிலிமில் வெளிறலைக் காண்பார்கள். பாட்டிலின் மேல் ஒட்டிய தாளில் பிலிமுக்கு ஒரு கோடு போட்டு வருவது நல்லது. நீர்த்த கரைசலைப் பொறுத்தவரை பேச்சே இல்லை: ஒரு முறை பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டும். நீர்க்கும்போது காப்பானாக உள்ள சல்ஃபைட்டின் செறிவும் குறைந்துவிடுவதால், நாளைக்கு ஆகும் என்று மூடி வைத்த 1+1 கரைசல் நாளைக்கு ஆகாது.

அளவும் எண்ணிக்கையும் சரியாக இருந்து, படிக்கட்டுச் சோதனையிலும் தளர்ச்சி தெரிந்தால், கரைசலுக்கு வயதாகிவிட்டது. நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எவ்வளவு கூட்டுவது என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு கணக்கில் நான் இறங்குவதில்லை. ஒரு பொட்டலத்தின் விலை ஒரு பிலிமின் விலையைவிடக் குறைவு. வெளிறிப்போன பிலிமையோ தூக்கி எறிய வேண்டாம். ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் வியப்பூட்டும் அளவுக்குப் படம் கிடைக்கும்.

படங்கள் அளவுக்கு மீறிக் கறுத்திருக்கின்றன

பழைய டெவலப்பர் என்றால் வெளிறல்தானே வர வேண்டும் என்று நினைப்பவர்களைக் குழப்பும் அறிகுறி இது. ஆனால் டி-76 வகையில் வயது முதலில் தளர்ச்சியைக் கொண்டுவருவதில்லை, முறுக்கேற்றத்தைக் கொண்டுவருகிறது. காரணம் அதன் சேர்மானத்திலேயே இருக்கிறது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், போராக்ஸ் 2 கிராம் என்பதுதான் நன்கறிந்த சூத்திரம். இதில் படத்தை எழுப்புபவை மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும். புதிய கரைசலின் காரத்தன்மை குறைவு என்பதால் ஹைட்ரோகுயினோன் தானாக வேலை செய்வது அரிது. களைத்த மெட்டாலுக்கு உயிரூட்டுவதோடு நின்றுகொள்ளும். நாட்கள் போகப் போக, ஆக்சிஜனும் ஹைட்ரோகுயினோனும் சல்ஃபைட்டும் சேர்ந்து வினைபுரியும்போது சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. போராக்ஸ் 2 கிராம் மட்டும் இருக்கும் கரைசலுக்கு அந்தக் கூடுதல் காரத்தைத் தாங்கிப் பிடிக்கும் வலு இல்லை. காரத்தன்மையைக் காட்டும் பிஎச் ஏறுகிறது, ஹைட்ரோகுயினோன் விழித்துக்கொள்கிறது, நெகடிவின் கறுப்பு-வெளுப்பு மாறுபாடு கூடுகிறது.

வீட்டில் எடைபோட்டுக் கலப்பவர்களுக்கே இது அதிகம் நேரும். அவர்களுக்கான மருந்து, போராக்ஸ் 8 கிராம், போரிக் அமிலம் 8 கிராம் என்று மாற்றிய டி-76டி சூத்திரம். போரிக் அமிலம் பிஎச்சை அசையாமல் பிடித்துக்கொள்ளும். கலந்த டி-76-ஐ முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் தீர்த்துவிடுவது அதைவிட எளிய வழி.

ஆனால் நம்முடைய ஊரில் கறுத்த நெகடிவுக்கு முதல் காரணம் வயது அல்ல, வெப்பம்தான். எச்பி5 பிளஸ் பிலிமுக்கு ஐடி-11 1+1 கரைசலில் 13 நிமிடம் என்று இல்ஃபோர்ட் கொடுப்பது 20 டிகிரி செல்சியஸுக்கு. 24 டிகிரியில் அது ஏறத்தாழ 9 நிமிடமாகக் குறைகிறது. சித்திரை மாத மாடித்தொட்டித் தண்ணீரில், வெப்பமானியைத் தொடாமல், அதே 13 நிமிடம் கழுவினால் பிலிம் கறுக்காமல் வேறென்ன செய்யும்? பனிக்கட்டியைக் கரைசலுக்குள் போடாமல், ஒரு பொட்டலத்தில் கட்டி, வெளித்தொட்டியில் போட்டுக் குளிர்வியுங்கள். வெப்பநிலையை உறுதி செய்த பிறகும் கறுத்தால் மட்டும் கரைசலின் வயதைப் பாருங்கள்.

படங்களுக்கு இடையே உள்ள வெற்றிடமும் சாம்பல் பூத்திருக்கிறது

இந்தப் புகைமூட்டத்துக்கு டெவலப்பரைவிடப் பிலிமே அதிகக் காரணம். காலாவதியான பிலிமும், வெயிலில் நின்ற காரில் கிடந்த பிலிமும் இப்படித்தான் வரும். மேலும், ட்ரை-எக்ஸ் போன்ற 35 மி.மீ. பிலிம்களின் அடித்தாளே சற்றுச் சாம்பல் நிறத்தில்தான் செய்யப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. இருட்டில் வெட்டிய, வெளிச்சம் படாத ஒரு சிறு துண்டை ஃபிக்சரில் மட்டும் போட்டு எடுங்கள். இன்னொன்றை டெவலப்பரிலும் ஃபிக்சரிலும் போட்டு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் உண்மையான மூட்டம். புதிய பிலிமில் செய்தும் அது மிகுதியாக இருந்தால் டெவலப்பரைக் குற்றம் சொல்லலாம்.

மூட்டம் ஒரு பக்கம் பார்த்தால் பசுமஞ்சளாகவும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இளஞ்சிவப்பாகவும் தெரிந்தால், அது டைக்ரோயிக் மூட்டம். டெவலப்பருக்குள் ஃபிக்சர் கலந்ததற்கோ, களைத்துப்போன ஃபிக்சருக்குள் டெவலப்பர் போனதற்கோ அடையாளம். அழுகிய முட்டை வாடை வரும் கரைசலை, நிறம் எப்படி இருந்தாலும், அப்படியே ஒதுக்குங்கள். அதில் உண்டாகும் சல்ஃபைடு கடுமையான மூட்டத்தைத் தரும். பிலிம் பால்போல் வெளுத்து ஒளிபுகாமல் இருந்தால் டெவலப்பருக்கு அதில் பங்கில்லை. புதிய ஃபிக்சரில் மறுபடி போடுங்கள், தீர்ந்துவிடும்.

பிலிம் இன்னும் கழுவவில்லை. பாட்டில்தான் சந்தேகமாக இருக்கிறது

நிறத்தைப் படிக்க, அது எப்போது வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டி-76, ஐடி-11 ஆகியவற்றில் சல்ஃபைட் தாராளமாக இருக்கும்வரை, ஆக்சிஜனேற்றம் அடைந்த ஹைட்ரோகுயினோனை அது உடனே பிடித்து நிறமற்ற பொருளாக மாற்றிவிடும். சல்ஃபைட் தீர்ந்த பிறகே பழுப்பு தோன்றும். ஆகவே இவற்றில் தேநீர் நிறம் தொடக்க எச்சரிக்கை அல்ல, கடைசி எச்சரிக்கை. காப்பி நிறமோ எச்சரிக்கை காலம் கடந்துவிட்டதைச் சொல்வது. அந்தக் கரைசல் பிலிமில் கறை பிடிக்கவும் செய்யும்.

ரோடினாலுக்கு இந்த விதி பொருந்தாது. 1891-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்று இன்றும் பல பெயர்களில் விற்கும் அந்தப் பாரா அமினோஃபீனால் கரைசல், ஆண்டுகள் போகப் போகச் சிவந்து, பழுத்து, கடைசியில் கருப்பட்டிப் பாகுபோல் ஆகிவிடும். வேலை மட்டும் நிற்காது. அடியில் படிகங்கள் தங்கினாலும் அவற்றைக் கலக்காமல் மேலிருந்து உறிஞ்சி எடுத்துக்கொள்ளலாம். எச்.சி.-110 என்ற டெவலப்பரின் அடர்கரைசலும் வைக்கோல் மஞ்சளிலிருந்து அடர்ந்த ஆரஞ்சுக்கு மாறிய பிறகும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இவ்விரண்டையும் நிறம் பார்த்துக் கொட்டியவர்கள் நல்ல மருந்தைக் கொட்டியவர்கள். திரும்பப் பயன்படுத்தும் கரைசல் ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறினால், பிலிமின் பின்பூச்சில் உள்ள சாயம் அதில் கரைந்திருக்கிறது, அதனால் தீங்கில்லை.

வண்டலும் மூன்று வகைப்படும். திரும்பப் பயன்படுத்திய டி-76-இன் அடியில் தங்கும் சாம்பல் கசடு, சல்ஃபைட் கரைத்து விட்ட வெள்ளி. பஞ்சிலோ காப்பி வடிதாளிலோ வடிகட்டினால் போதும். குளிர்ந்த இடத்தில் வைத்த பாட்டிலில் தோன்றும் ஊசிப் படிகங்கள், வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் கரைந்துவிடும். கரைத்த அன்றே வெண்மையாகக் கலங்கினால் கடின நீரின் சுண்ணாம்பைச் சந்தேகியுங்கள். அடுத்த முறை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் கரையுங்கள்.

தூளும் கெடும். பொட்டலத்தில் ஊசித்துளை விழுந்தால் தூள் கட்டிதட்டிப் பழுப்பேறும். அதைக் கரைத்துப் பார்க்கவே வேண்டாம். பாதிப் பொட்டலத்தை மட்டும் கரைப்பதும் கூடாது; பொருள்கள் தூளுக்குள் ஒரே சீராகக் கலந்திருப்பதில்லை என்பதால் உங்கள் பாதியில் மெட்டால் எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பாட்டிலில் எவ்வளவு காலம் நிற்கும்

முழுமையாக நிரப்பி இறுக மூடிய டி-76 ஸ்டாக் ஆறு மாதம், பாதி காலியானது இரண்டு மாதம் என்று கோடாக் கணக்கிடுகிறது. ஐடி-11-க்கு இல்ஃபோர்ட் சொல்வது முறையே ஆறு மாதமும் ஒரு மாதமும். அரை லிட்டர் வெற்றிடத்தில் ஏறத்தாழ 105 மி.லி. ஆக்சிஜன் இருக்கிறது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது புதிதாக நிரம்புகிறது என்பதுதான் இந்த வேறுபாட்டின் காரணம். இந்த ஆயுளை 35 டிகிரி அறைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேதிவினை ஏறத்தாழ இரட்டிக்கும் என்ற பொதுக் கணக்கை வைத்து, கோடையில் நான் ஆறு மாதத்தை மூன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு லிட்டரைக் கரைத்த அன்றே சிறு கண்ணாடி பாட்டில்களில் விளிம்புவரை நிரப்பிவிட்டால் பாதி காலியான பாட்டில் என்ற ஒன்றே இருக்காது. 180 மி.லி. குவார்ட்டர் பாட்டில் இதற்கு மிகப் பொருத்தம்: 290 மி.லி. டேங்குக்கு 1+1 கணக்கில் 145 மி.லி. எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிடலாம். பழைய பெயர்ச்சீட்டை முழுதாகச் சுரண்டிவிட்டு, “நஞ்சு” என்று பெரிதாக எழுதி, கரைத்த தேதியோடு, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். உணவு வைக்கும் குளிர்பதனப் பெட்டிக்குள் அது போகவே கூடாது. கண்ணாடி கிடைக்காதவர்களுக்குத் தண்ணீர் விற்கும் பெட் பாட்டில் சில மாதங்களுக்குத் தாங்கும். துருத்திபோல் அமுக்கிச் சுருக்கும் பாட்டில்களை வாங்க வேண்டாம். அவற்றின் மடிப்புகளில் காற்று தங்குகிறது, மெல்லிய பிளாஸ்டிக் வழியாக வெளிக்காற்றும் ஊடுருவுகிறது, கழுவவும் வராது.